சரிவில் ஆட்கள் இருந்தார்கள்

எஸ்தர் டீச்சர் இறந்த செய்தி, ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில், இரண்டு காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே வந்தது. மங்கலான படங்களைக் கண்டாலே சிடுசிடுப்பவர் அவர். அந்தப் பூக்களைப் பார்த்திருந்தால் நிச்சயம் ஏதாவது சொல்லியிருப்பார்.

குன்னூரில் ஒரே பள்ளியில் நான் கணக்கும் அவர் புவியியலும் நடத்தினோம். சனிக்கிழமையானால் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். குந்தாவில் மின்கம்பி இழுப்பவர்கள், ஊட்டி மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவர்கள், உருளைக்கிழங்குத் தோட்டம் தேயிலையாவது, தேயிலை கட்டடமாவது, எல்லாம் கருப்பு வெள்ளையில்தான். கலரில் எடுக்கலாமே என்றேன் ஒருமுறை.

"கலர்ல எடுத்தா எல்லாமே பச்சையா, அழகா இருக்குமுங்க சார். ஊட்டிக்கு வர்றவங்க அதைத்தான் பாத்துட்டுப் போறாங்க" என்றார். கோபக்காரர், பிடிவாதமும் உண்டு. எங்களுக்குள் பேச்சு நின்றுபோன மாதங்கள் உண்டு.

எமரால்டு பக்கம் ஒரு மலைச்சரிவை அவர் எடுத்த படம் பத்திரிகை ஒன்றில் முழுப்பக்கம் வந்தது. பனிமூட்டம், வரிவரியாகப் பாத்திகள், ஆள் அரவமே இல்லை. எல்லோரும் பாராட்டினோம். சில மாதங்களில் மனை விற்கும் ஒருவர், யாரையும் கேட்காமல் அதே படத்தைப் பெரிதாக்கிச் சாலையோரம் போர்டு வைத்துவிட்டார். 'ஆளில்லா அமைதி, விற்பனைக்கு' என்று எழுதியிருந்தது.

அந்தச் சரிவில் குத்தகைக்குக் கேரட் போட்டுவந்தது சரோஜா என்பவரின் குடும்பம். நிலத்துக்காரர் விற்றுவிட்டதால் அவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. டீச்சர் மன்னிப்புக் கேட்கப் போனார். துணைக்கு நானும் போனேன்.

"நீங்க படம் புடிக்காட்டியும் வித்திருப்பாங்க டீச்சர்" என்றார் சரோஜா. "ஆனா ஆளே இல்லீன்னு எழுதியிருக்காங்களே. நாங்க அங்க களையெடுத்துட்டுத்தானுங்களே இருந்தோம். நீங்கதான் கொஞ்சம் ஒதுங்கச் சொன்னீங்க."

திரும்பும் வழியெல்லாம் டீச்சர் பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். பாவமாக இருந்தது. அதன்பின் அவர் கேமராவுக்கு முன்னாலிருந்து யாரையும் ஒதுங்கச் சொன்னதில்லை.

சரிவில் விடுதி எழுந்தது. சரோஜா அங்கேயே பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தார். ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் டீச்சர் என்னையும் அழைத்துக்கொண்டு போய், விடுதி வாசலில் துடைப்பத்துடன் நின்ற அவரைப் படம் எடுத்தார்.

"எங்கீங்க பாக்கட்டும்?" என்று கேட்டார் சரோஜா.

"எங்க வேணாலும் பாருங்க. உங்க எடந்தானுங்க."

பிரின்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தபோது விடுதி மேனேஜரும் பார்த்தார். கட்டடம் நன்றாக விழுந்திருக்கிறது, அந்தம்மா இல்லாமல் ஒன்று எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

"அவங்க இல்லாத படத்தைக் காட்டித்தானுங்க இந்த எடத்தையே வித்தாங்க" என்றார் டீச்சர். "இன்னொண்ணு எடுக்க மாட்டேன்."

நேற்று மாலை கல்லறைத் தோட்டத்துக்குச் சரோஜா விடுதிச் சீருடையிலேயே வந்திருந்தார். "லீவு தரலீங்க சார். கொஞ்ச நேரம் பர்மிஷன் கேட்டு ஓடியாந்தேன்" என்றார். உறவினர்கள் மண் போட்டு முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு ஒரு மண்கட்டியை எடுத்து, உள்ளங்கையில் பொடிப்பொடியாக உதிர்த்து, மெல்லத் தூவினார்.

போய் வாருங்கள், டீச்சர். உங்களை வழியனுப்ப அவர் வந்திருந்தார்.