இரண்டு ஆலைத் தண்ணீரும் எங்கள் ஏரியும்

அண்ணி என் மாவுக் கையைப் பிடித்துக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடிய காலையை நான் இன்னும் மறக்கவில்லை. வரிசையாக இருந்த சிமெண்டுத் தொட்டிகளில் கடைசியைக் காட்டி, "பாரு, பாரு" என்றார். கெண்டைக் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சில பக்கவாட்டில் சாய்ந்துவிட்டன. மற்றத் தொட்டிகளில் எல்லாம் சுறுசுறுப்பாகத் திரிந்தன.

அண்ணி கல்லூரியில் விலங்கியல் நடத்தியவர். எழுபதுகளின் கடைசி அது. கும்மிடிப்பூண்டியில் ஆலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. சோப்புத்தூள் ஆலையின் கழிவும் முலாம் பூசும் ஆலையின் கழிவும் எங்கள் ஏரியில்தான் விழுந்தன. மீன் செத்து மிதந்ததும், இரு ஆலைக்காரர்களும் தத்தம் தண்ணீரில் மீனை நீந்தவிட்டுக் காட்டிவிட்டார்கள். ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த மீன்காரர் பிழைப்புப் போன கவலையில் அண்ணியிடம் வந்தார்.

"ரெண்டு பேர் தண்ணியிலயும் மீனு உசுரோட கீது. ஏரியில மட்டும் சாவுது. இன்னாம்மா இது?"

அந்தக் கேள்வி அண்ணியைத் தூங்கவிடவில்லை. இரு கழிவுகளையும் தனித்தனியாகக் கிணற்று நீரில் கலந்து மீன் விட்டார். கடைசித் தொட்டியில் மட்டும் இரண்டையும் சேர்த்துவிட்டார். அதில் செத்த குஞ்சின் செவுளை லென்ஸில் பார்த்தோம், வெளுத்து வீங்கியிருந்தது. செவுளைக் காக்கும் வழவழப்பைச் சோப்பு கரைத்துவிட, முலாம் ஆலையின் உலோகம் தடையில்லாமல் உள்ளே போகிறது என்று மூச்சுவிடாமல் சொன்னார். சொல்லிக்கொண்டே மிச்சக் குஞ்சுகளை நல்ல தண்ணீருக்கு மாற்றினார். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணில் நீர். எனக்கும் அப்படித்தான்.

அடுத்த வாரம் இரு ஆலை மேலாளர்களும் வந்து தொட்டியைப் பார்த்தார்கள். முலாம் ஆலைக்காரர், தங்கள் தண்ணீர் மட்டும் என்றால் குற்றமில்லையே என்று இழுத்தார்.

"ஏரி ஒண்ணுதானே சார் இருக்குது" என்றார் அண்ணி.

சில மாதங்களில் முலாம் ஆலைக்காரர், கழிவில் சுண்ணாம்பு கலந்து உலோகத்தை அடியில் படியவைக்கும் தொட்டி ஒன்றைக் கட்டினார். சோப்பு ஆலைக்காரர் அதுகூடச் செய்யவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குப் பின் மீன்காரர் வலையில் பழைய அளவு இல்லாவிட்டாலும் மீன் விழுந்தது. அண்ணி கரையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தூக்கிச் செவுளைத் திறந்து பார்த்தார்.

இன்று அந்தப் பக்கம் எத்தனையோ ஆலைகள். ஒவ்வொன்றின் தண்ணீரையும் தனித்தனியே சோதித்து, சரி என்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் ஊற்றிப் பார்க்க அண்ணி இல்லை, எனக்குத்தான் கை பரபரக்கிறது. போன மாதம் நானே இரண்டு தொட்டி வாங்கிப் போட்டுவிட்டேன்.