விரியாத கை

ஓமானின் பஹ்லாவில் மருத்துவச்சி ஸுவைனா இல்லாமல் பிரசவம் கிடையாது. அவளிடம் ‘மர்யம் கை’ இருந்தது. விரல் மடக்கிய கைபோல் காய்ந்து சுருண்ட பாலைவனச் செடி. வலி எடுத்ததும் தண்ணீரில் போடுவாள். அது விரிய விரியக் கருப்பையும் விரியும் என்பது ஊர் நம்பிக்கை.

வீடு வீடாகப் போய்வந்ததில் ஒருநாள் அது நொறுங்கிப்போனது. மகள் ரய்யாவின் பிரசவத்துக்குச் சந்தையில் அதே பெயரில் விற்ற வேறொன்றை வாங்கிவந்தாள். பெரணி இலைபோன்ற, எங்கிருந்தோ வந்த செடி.

“முடியலம்மா! வண்டியக் கூப்பிடு!” என்று ரய்யா கதறினாள்.

ஸுவைனா கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். “கை இன்னும் பாதிகூட விரியலடி. அதுக்குள்ள என்ன கூப்பாடு? உன்னப் பெத்தப்ப நான் வாயத் தொறந்தேனா?”

அந்தப் பாழாய்ப்போன செடி பழையதைவிட மெல்லத்தான் விரியும் என்று விற்றவனும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் வண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் ரய்யா பிழைத்தாள். குழந்தை அழவே இல்லை.

மறுநாள் ஆண்கள் குழந்தையை அடக்கம் செய்யப் போனார்கள். வீட்டில் தனியாக இருந்த ஸுவைனா, கழுவிவைக்கலாம் என்று கிண்ணத்தை எடுத்தாள்.

செடி பச்சைப் பசேலென்று முழுசாக விரிந்திருந்தது.