சந்தனம் பூசிய பந்தயக் கார்

தருமபுரத்தை விட்டுக் குரும்பகரம் நோக்கி நடந்துகொண்டிருந்தேன். சட்டைக்குள் மாமாவின் கார் இருந்தது. காலில் செருப்பில்லை, வாசலில் நின்று மாட்டிக்கொண்டிருந்தால் அம்மா பார்த்துவிடுவாள். அத்தை வீட்டில் ஒளிந்துகொள்வது, மாமா பிரான்சுக்கு விமானம் ஏறியதும் திரும்புவது. அவ்வளவுதான் திட்டம். பிற்காலத்தில் பிழைப்புக்காக ஊர் ஊராகப் போனபோதும் இதைவிடப் பெரிய திட்டம் எனக்கு இருந்ததில்லை.

மாமா, அம்மாவின் தம்பி, பிரான்சில் இருந்தவர். அங்கே ராப்பகலாக ஓடும் பந்தயம் ஒன்றில் ஓடிய பழைய காரின் அச்சு அசலான பொம்மை அது. நீல நிறம், உள்ளங்கை நீளம். கறுப்புப் பிளாஸ்டிக் தடத்தில் ஒரு பள்ளக்கோடு போகும். காரின் அடியிலுள்ள முளை அதில் இறங்கும். முளைக்கு இருபுறமும் இருக்கும் செம்பு இழைகள் தடத்திலிருந்து மின்சாரம் வாங்கும். கையிலுள்ள விசையை அழுத்தினால் சீறிக்கொண்டு ஓடும். எங்களுக்குக் காட்டவென்றே சட்டைகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

அன்று ஆயுத பூஜை. அப்பாவின் மொபெட், தையல் மெஷின், அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த அம்மா, காருக்கும் வைத்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. எல்லோரும் சாப்பிட்டு அசந்திருந்தபோது நான் அதைத் தடத்தில் வைத்து விசையை அழுத்தினேன். அசையவில்லை. சாமி குத்தம் என்று முடிவுகட்ட எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

பின்னால் மொபெட் சத்தம். அப்பாவின் வண்டியில் பூஜை மாலை ஆட ஆட மாமா வந்து நின்றார்.

“எங்கடா மாப்ள கெளம்பிட்ட?”

“அத்தை வீட்டுக்கு.”

“சட்டைக்குள்ள என்ன, கோழிக்குஞ்சா?”

வெளியே எடுத்தேன். “செத்துப்போச்சு மாமா. தொடக்கூடாதுன்னு அம்மா சொன்னிச்சு. தொட்டுட்டேன்.”

காரைக் கவிழ்த்துப் பார்த்தார். உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். மொபெட்டே குலுங்கும்படி சிரித்தார்.

“பொட்டுன்னா நெத்தியில வைக்கணும். ஒங்கம்மா காரு வயித்துல வச்சிருக்கு. கரண்டு எப்படிடா போவும்?”

செம்பு இழைகளின் மேல் சந்தனம் காய்ந்து கிடந்தது. மின்னுகிற இடம்தான் இன்ஜின் என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். மாமா வேட்டி நுனியை எச்சில் தொட்டுத் துடைத்தார். உள்ளங்கால் சுடுவது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“பூஜை போட்ட வண்டிய நீங்களுந்தான் தொட்டுட்டீங்க,” என்றேன்.

“அதான் நீ கெடச்ச. ஏறு.”

மறுநாள் காலை, விஜயதசமி. கார் ஓடியது. ஆனாலும் அதைத் தொடப் பயந்து கதவோரமே நின்றேன். மாமா எனக்கு ஒரு வேலை கொடுத்தார். வளைவருகே உட்கார்ந்து, கார் தடம் புரண்டு விழும்போதெல்லாம் எடுத்து மறுபடி பள்ளத்தில் வைக்க வேண்டும். பொம்மைக் கார்ப் பந்தயத்தில் அதற்கென்றே ஆள் உண்டாம். என் முதல் வேலை அது. முந்தைய நாட்களில் ஒருமுறைகூட விழாத கார், அன்று ஒவ்வொரு சுற்றிலும் சரியாக என் மடியருகே வந்து விழுந்தது. ஒரே இரவில் மாமாவுக்கு ஓட்டத் தெரியாமல் போய்விட்டதே என்று பரிதாபப்பட்டபடி, மத்தியானம்வரை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.