ஆறாவது கட்டம்

வாளியைச் சாய்த்து, ரோஜாச் செடியைத் தாண்டி, மண்ணுக்குள் இறக்கியிருந்த செப்புக் குழாயின் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள் தங்கை. எதிர்வீட்டு டீச்சர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“தினமும் ஊத்துறியே, செம்பு எப்போ பூக்கும்?”

“இன்னைக்கு அஞ்சரைக்கு டீச்சர்!”

குழாயின் கழுத்திலிருந்து ஒரு கம்பி சுவரேறி, ஜன்னல் வழியாக அவளுடைய பழைய வால்வு ரேடியோவின் முதுகுக்குப் போகிறது. ரேடியோவுக்கு அதுதான் எர்த். மண் காய்ந்தால் ரேடியோவுக்கும் தொண்டை கட்டிக்கொள்ளும் என்பது அவள் கட்சி. கீழ்த்தளத்தில் புத்தகம் பைண்டு செய்யும் அண்ணன் முதலில் சிரித்தார். பிறகு ஒருநாள் அவர் கண்ணெதிரிலேயே ஒரு வாளித் தண்ணீருக்குக் கரகரப்பு பாதியாகக் குறைந்தது. அன்று முதல் வாளியை நிரப்பி வைப்பது அவர் வேலை.

தங்கைக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் உத்தியோகம். தளர்ந்த திருகு, கோணிய காதுக்கம்பி, விழுந்த மூக்குத்தாங்கி எல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். தீக்குச்சி அளவு திருப்புளி எப்போதும் கொண்டையில் செருகியிருக்கும். கண்ணாடி துடைக்கிற துணியால்தான் வால்வுகளின் கால்களையும் துடைப்பாள். இருபத்திரண்டு மீட்டர் ஏரியல் கம்பியைத் தண்ணீர்த் தொட்டிக்கும் மாடிக் கம்பத்துக்கும் நடுவே கட்டியிருக்கிறாள். அதை நகர்த்த அண்ணன் மேலே நிற்க வேண்டும், இவள் ஜன்னலிலிருந்து உத்தரவு போடுவாள்.

“இன்னும் ஒரு சாண் கிழக்கே!”

“இன்னும் ஒரு சாண் போனா நான் பக்கத்து வீட்டுக்காரன் ஆயிடுவேன்!”

கேட்ட நிலையங்களை எழுத அவளுக்கு ஒரு நோட்டு உண்டு. அண்ணன் தைத்து, எஃகு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்தது. வலிமை, குறுக்கீடு, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்தம் என்று ஐந்து கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மார்க். வலது ஓரத்தில் இரண்டு விரல் வெள்ளை விட்டிருக்கிறார். அதில் பேனா பட்டால் அவருக்குப் பொறுக்காது. ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவர் என்றாலும் நேர்கோட்டில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. தங்கையோ மார்க் விஷயத்தில் மகா கறார். பதினொரு வருடத்தில் ஒரு நிலையத்துக்கும் மொத்தத்தில் ஐந்து போட்டதில்லை. பைண்டு போட்ட புத்தகத்தை வாங்கிப்போக வருகிறவர்களிடம், கேட்டாலும் கேட்காவிட்டாலும், அண்ணன் அந்த நோட்டைப் பிரித்துக் காட்டிவிடுவார்.

இன்றைய அவசரத்துக்குக் காரணம் தங்கையின் மகள். மலைக்கு அந்தப் பக்கம், துறைமுக ஊரில் ஒரு சின்ன வானொலி நிலையம். அங்கே வேலைக்குச் சேர்ந்த மகள் இன்று முதல்முறையாக வானிலை அறிக்கை வாசிக்கிறாள். மாலை ஐந்தரை மணிக்கு, நேரடியாக, ஐந்தே நிமிடம். பதிவு எதுவும் செய்வதில்லை, விட்டால் விட்டதுதான். “அவ்வளவு தூரம் எடுக்காதும்மா, பரவாயில்ல,” என்று மகள் போனில் சொன்னபோது, “எடுக்க வைக்கிறேன்,” என்றாள் தங்கை.

ஐந்து மணிக்கே ரேடியோவைப் போட்டாயிற்று. “அவசரப்படாத, அது இன்னும் கண்ணே முழிக்கல,” என்பாள் எப்போதும். முள்ளுக்கு மேலே இருக்கும் பச்சை விளக்கைத்தான் கண் என்பாள். நிலையம் நன்றாகப் பிடிபட்டால் அதிலுள்ள நிழல் ஒடுங்கும். தண்ணீர் ஊற்றிவிட்டு ஓடிவந்து பார்த்தாள். நிழல் ஒடுங்கியிருந்தது. ஆனால் பாட்டின் மேல் அரை நிமிடத்துக்கு ஒருமுறை டர்ர்ர் என்று ஒரு சத்தம், துணி கிழிப்பதுபோல.

“நம்ம வீட்டுக்குள்ளதான் இருக்கு. எல்லாத்தையும் அணை!”

அண்ணன் ஓடினார். ஃபிரிட்ஜ், மின்விசிறி, டியூப் லைட், மோட்டார். மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். “இந்த ரேடியோவைத் தவிர வீட்டுல ஒண்ணும் ஓடல.”

டர்ர்ர்.

மணி ஐந்து இருபத்து மூன்று. தங்கை கைக்கடக்கமான டிரான்சிஸ்டரை எடுத்தாள். நிலையமே இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, சத்தம் எங்கே கூடுகிறது என்று பார்த்தபடி நடந்தாள். சமையலறையில் குறைந்தது. படியில் கூடியது. கீழே பைண்டிங் அறையில் அலறியது. மேசையைச் சுற்றி வந்து, கரண்டில் சூடாகும் பசைச் சட்டியின் முன் நின்றாள். தானே அணைந்து தானே எரியும் சட்டி அது. பக்கத்தில் நூலகத்தின் பெரிய அகராதி, முதுகில் பாதிப் பசையோடு கிடந்தது.

“ஒண்ணும் ஓடலன்னியே?”

“இது... இது சட்டிம்மா!” என்றார் அண்ணன். இருபது வருடமாக அதை அவர் மின்சாரச் சாமானாகவே நினைத்ததில்லை. அவள் ரேடியோ கேட்பது இரவு எட்டு மணிக்கு மேல்தான். அதற்குள் சட்டி ஆறியிருக்கும். இருவருக்கும் இதுவரை தெரியாமலே போயிற்று.

தங்கை அகராதியைப் பார்த்தாள். இப்போது அணைத்தால் பசை இறுகும். போட்ட பசையைச் சுரண்டி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவள் கேட்க வாய் திறப்பதற்குள் அண்ணன் பிளக்கையே பிடுங்கிவிட்டார்.

“நிக்காத, ஓடு!”

இருவரும் படியேறி வந்து சேரவும் அறிவிப்பு மணி ஒலிக்கவும் சரியாக இருந்தது. பிறகு அந்தக் குரல். கடலில் காற்றின் வேகம், மலைப்பாதையில் மூடுபனி.

“நம்பர் வர்றதுக்கு முன்னாடி மூச்சை இழுக்கிறா பாரு! ஒண்ணாங்கிளாஸ்ல வாய்ப்பாடு சொன்ன மாதிரியே!” தங்கை அண்ணனின் தோளை அறைந்தாள்.

நடுவில் குரல் தேய்ந்தது. பச்சைக் கண்ணில் நிழல் விரிந்தது. தங்கை ஏரியல் கம்பியை விரலால் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். “வா... வா... வாடி கண்ணு...” குரல் ஏறி வந்தது. நாளை மாலை மழை என்று சொல்லி, வணக்கமும் சொல்லி முடித்தது.

“தெளிவா இருந்துச்சு!” என்றார் அண்ணன். “ஒரு வார்த்தை விழல!”

தங்கை நோட்டை எடுத்தாள். வலிமை மூன்று, குறுக்கீடு நான்கு, இரைச்சல் மூன்று, ஏற்ற இறக்கம் இரண்டு. மொத்தம் மூன்று.

“மூணா? அடிப்பாவி, சொந்தப் பொண்ணு! நான் ஒரு அகராதியையே கொடுத்திருக்கேன்!”

“சிக்னலுக்கு மூணுதான் அண்ணா.”

“அப்ப அவ படிச்சதுக்கு?”

தங்கை பக்கத்தை இடமிருந்து வலமாகப் பார்த்தாள். “அதுக்கு நீ கட்டமே போடலியே.”

கையை நீட்டி அண்ணனின் சட்டைப் பையிலிருந்த எஃகு ஸ்கேலை உருவினாள். அவர் யாரையும் தொடவிடாத அந்த ஓர வெள்ளையில், மேலிருந்து கீழ்வரை, ஒரே இழுப்பில் ஒரு கோடு போட்டாள்.