தங்கையின் கோடுகளும் எங்கள் அம்மாவும்

பழவேற்காடு ஏரியின் நடுவில் தீவாக இருக்கும் பசியாவரத்தில் பிறந்து பசியாவரத்திலேயே வாழ்க்கைப்பட்டவர் எங்கள் அம்மா. முழங்கால் தண்ணீரில் குனிந்து, பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிப்பார். அந்த நேரத்தில் மட்டும்தான் அவர் வாய் மூடியிருக்கும் என்று நைனா கேலி செய்வார்.

என் தங்கை பிறந்தபோது அவள் கால்களிலும் விலாவிலும் கோடுகோடாகக் கொப்புளங்கள். சொறிமீன் என்கிற ஜெல்லிமீன் பட்டால் எங்கள் உடம்பில் எழும்புமே, அதே தடம். ஏரியையே அறிந்த ஊருக்கு வேறென்ன தோன்றும்? "நெறமாசத்துல தண்ணில எறங்காதேன்னு தலபாடா அடிச்சிக்கினேன். சொறி வெசம் புள்ளைக்கு எறங்கிடுச்சி பாரு" என்றார் நைனாவின் அக்காவான அத்தை. பச்சைக் குழந்தைமேல் சுண்ணாம்பு தடவினார்கள். அம்மா அதன்பின் ஏரியில் இறங்கவில்லை. அந்தப் பழி அவரை உள்ளுக்குள் அரித்தது.

கொப்புளங்கள் வற்றிப் பழுப்புச் சுழிகளாயின. பிறகு வலிப்பு வந்தது. எதிர்க்காற்று வீசிய ஒரு மாலையில், விறைத்துப்போன குழந்தையை அம்மா மடியில் போட்டுக்கொள்ள, படகில் பழவேற்காடு கரை சேர்ந்தோம்.

அங்கிருந்து போன சென்னை ஆஸ்பத்திரியில் மருத்துவர், "பிறவியிலேயே வர்ற அபூர்வமான நோய்மா. தோல் நிறத்தையும் பாதிக்கும், மூளையையும் பாதிக்கும்" என்றார்.

"அப்ப நான் ஏரில எறங்குனதால இல்லியா மேடம்?"

"இல்லவே இல்லம்மா."

அம்மா அங்கேயே விம்மி அழுதார். ஊர் திரும்பிய மறுநாளே ஏரியில் இறங்கினார். வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்று வீடு வீடாகச் சொன்னார். அத்தை மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சென்ற ஆண்டு மாரடைப்பில் அம்மா போய்விட்டார். அழுகையில், தங்கைக்குக் காலை மாத்திரை கொடுக்க யாருக்கும் நினைவு வரவில்லை. பாடை கட்டி எடுக்கப்போகும் வேளையில் அவள் வெட்டி வெட்டி விழுந்தாள். இனி இவளைப் பிடிக்க யார் இருக்கிறார்கள் என்று நான் உறைந்து நின்றேன். யாரோ சாவிக்கொத்தை நீட்டினார்கள். அதைத் தட்டிவிட்டு அவளை ஒருக்களித்துப் பிடித்தவர் அத்தை. வலிப்போ நிற்கவில்லை.

"இன்னா வேடிக்க பாக்கறீங்க? படக எடுங்கடா! பொணம் காத்திருக்கும், புள்ள காத்திருக்காது!"

அவளைக் கரை சேர்க்கப் படகு செலுத்திய ஊர்த் தம்பிமாருக்கும், அவளைக் காப்பாற்றிய மருத்துவர்களுக்கும், வெயிலில் முகம் சுளிக்காமல் வாசலில் அமர்ந்திருந்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. அத்தைக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தங்கை கண் விழித்தாள் என்ற சேதி வந்த பிறகே அம்மாவை எடுத்தோம். அதுவரை அம்மா காத்திருந்தார்.