சார்ஜனுக்குச் சொன்ன உளவாளிக் கதை

அட்டையில் துப்பாக்கியோ வாளோ குதிரையோ இல்லாத புத்தகத்தை நான் கையால் தொடுவதில்லை. வாழ்க்கைக்கு வழிகாட்டும் புத்தகங்களைத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் தருவார். மரியாதையோடு வாங்கி வைத்துவிட்டு உளவாளியிடம் ஓடிவிடுவேன்.

யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு இறப்பர் தோட்டத்தில், பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. தாய்மார் மரங்களில் பால் வெட்டப் போனபின் கைக்குழந்தைகளை நான்தான் பார்க்க வேண்டும். அவை தூங்கும் நேரத்தில் ஏதாவது ஒரு நாட்டின் ராணுவ ரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பேன்.

இந்தக் கதைகளில் எனக்குப் பிடித்ததே அவற்றின் வெட்கமில்லாத புளுகுதான். ஒரு ஒட்டுமீசை வைத்தால் இளவரசனைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் லயத்து வீடுகளிலோ இருமலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். ஆறாவது மாடியிலிருந்து குதித்த உளவாளி அடுத்த பக்கத்தில் கோட்டைத் தட்டிக்கொண்டு தேத்தண்ணி கேட்பான். நான் மழைநாளில் படியிறங்கினாலே இரண்டு நாள் இடுப்பு வலிக்கும்.

புத்தகம் தருவது பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர்; எங்களுக்கெல்லாம் அவர் நானா. சாமான் சுற்றக் கொழும்பிலிருந்து வரும் பழைய தாள்களில் நாவல் ஏதும் கிடந்தால் எனக்கென்று எடுத்து வைப்பார்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை நானும் என் கணவரும் பஜாரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். பெண் பொலிஸ் என் பையிலிருந்து நான் பாதி படித்திருந்த நாவலை எடுத்தாள். அட்டையில் துப்பாக்கியோடு ஒருவன். அவனுக்குப் பின்னால் வெடித்துச் சிதறும் பாலம். நேரே சாவடிக்குப் பொறுப்பான சார்ஜனிடம் கொண்டுபோனாள்.

"மொகக்த மே?" என்றார் அவர். என்ன இது என்று கேட்கிறார்.

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். அந்த நேரம் பார்த்து வரவில்லை. "கதைப் புத்தகம், மஹத்தயா" என்று எப்படியோ சொன்னேன்.

அவர் பின்னட்டையைத் திருப்பினார். அங்கே பென்சிலால் ஒரு பாலம், ஒரு கார், அம்புக்குறிகள். கதாசிரியர் சொன்னபடி பாலத்துக்கடியில் காரை ஒளிக்க முடியுமா என்று பார்க்க நான் வரைந்தது.

"எந்தப் பாலம் இது?"

"லண்டன்ல, மஹத்தயா."

"லண்டன் பாலத்தில் உனக்கென்ன வேலை?"

என் கணவர் பல்லைக் கடித்தார். "சமையல் பொஸ்தகம் படின்னு எத்தன தடவ சொன்னேன்?"

என்னைத் தனியே நிறுத்தினார்கள். அந்த நாட்களில் அப்படி நிறுத்தப்பட்டவர்கள் எல்லோரும் அன்றே வீடு திரும்பவில்லை. இந்த இடத்தில் என் உளவாளிகள் நக்கலாக ஏதாவது சொல்வார்கள். நான் மறுபடியும் "லண்டன்ல, மஹத்தயா" என்றேன்.

தமிழ் வாசிக்கப் பஜாரிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவரச் சொன்னார் சார்ஜன். வந்தது நானா.

"அட தங்கச்சி, இது நான் தந்த பொத்தகமெல்லோ!" என்று சத்தமாகச் சொன்னவர், சுற்றியிருந்த துப்பாக்கிகளைப் பார்த்ததும் வெளிறிப்போனார்.

பாலம் வரும் இடத்தை வாசித்துச் சிங்களத்தில் சொல்லச் சொன்னார்கள். பாவம், நானா குழப்பியடித்தார்; பாலத்துக்கு வந்தவனை நாயகனின் மாமா என்றார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"அது மாமா இல்ல நானா, மாறுவேஷத்துல வந்த எதிரி!"

புத்தகத்தை வாங்கி, முன்கதையையும் சேர்த்து அடுத்த பக்கத்திலிருந்து நானே சொன்னேன். சிங்களமும் திரும்பி வந்துவிட்டது. சார்ஜன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெண் பொலிஸ் பைகளை விட்டுவிட்டு வந்தாள். டிரைவர் ஹோர்ன் அடித்தார். சார்ஜன் கையை உயர்த்தி அடக்கினார்.

"அப்புறம்?"

நாயகனைப் பாலத்துக்கடியில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். குண்டு டிக் டிக் என்கிறது. துரோகி முகமூடியைக் கழற்றக் கையைத் தூக்குகிறான். பக்கத்தைப் புரட்டினேன். அதற்குமேல் தாளே இல்லை.

எல்லோரும் நானாவைப் பார்த்தோம்.

"சீரகம் சுத்திக் குடுத்திருப்பேன்" என்றார் மெதுவாக.

சார்ஜன் அவரைத் திட்டிய திட்டில் என் வழக்கு மறந்தே போனது. எனக்கு ஓர் அழிறப்பர் தந்து படத்தை அழிக்கச் சொன்னார். புத்தகத்தையும் திருப்பித் தந்தார்.

அடுத்த சனிக்கிழமை பஸ் நின்றதும் நேரே என் ஜன்னலுக்கு வந்தார். "யார் அந்தத் துரோகி?"

வாரம் முழுக்க யோசித்து வைத்திருந்தேன். "நாயகனோட மாமனார், மஹத்தயா."

"இல்லை. கார் டிரைவர்."

"அவனைத்தான் நாற்பதாம் பக்கத்திலேயே சுட்டுவிட்டார்களே!"

"பிணத்தை யாராவது பார்த்தார்களா?"

லயத்துக்குப் போனதும் முதல் வேலையாக நாற்பதாம் பக்கத்தைப் படித்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. எத்தனையோ வருடமாக இந்தக் கதைகளைக் கரைத்துக் குடித்தவள் நான். அரைமணி நேரம் கேட்ட மனுஷர் பிடித்துவிட்டார். அன்று அவர்மேல் வந்த எரிச்சலில், அவரைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதே எனக்கு ஞாபகம் வரவில்லை.