ஐந்தாவது சேனல்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை. திருவனந்தபுரத்தில் கரமனைப் பக்கம் ஒரு சின்ன அரங்கில் நடந்தது இது.

எனக்கு வேலை கழக்கூட்டத்தில், ஒரு மென்பொருள் அலுவலகத்தில். ஆனால் விடுமுறை நாட்களில் மேடை விளக்குகள்தான் என் பைத்தியம். சொந்தமாக எட்டு எல்.இ.டி. விளக்குகளும் அவற்றை இயக்கும் ஒரு கன்ட்ரோல் போர்டும் வாங்கி வைத்திருந்தேன். தெரிந்தவர்களின் நாட்டிய நிகழ்ச்சி என்றால் நானே போய் மாட்டிக் கொடுப்பேன். நான்கைந்து நிகழ்ச்சி முடிந்ததுமே, இதில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற எண்ணம் வந்துவிட்டது.

அன்று ஆட இருந்தவர் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அக்கா. வங்கியில் வேலை, நாற்பது வயதைத் தாண்டியவர். பல வருட இடைவெளிக்குப் பிறகு மேடை ஏறுகிறார். முந்தின வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

"ஃப்ளாஷ் மட்டும் வேண்டாம், கேட்டேளா? எனக்கு ஃபிட்ஸ் உண்டு. மருந்து சாப்பிடறேன், ரெண்டு வருஷமா வரல்லை. ஆனா விளக்கு மின்னி மின்னி அடிச்சா வந்துடும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"கவலையே வேண்டாம் அக்கா, அது என் பொறுப்பு" என்றேன். வீட்டுக்கு வந்ததும் போர்டில் பதிந்து வைத்திருந்த காட்சிகளில் ஃப்ளாஷ் வரும் இடங்களையெல்லாம் அழித்தேன். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

நிகழ்ச்சியன்று மதியம் என் விளக்குகளில் ஒன்று எரியவில்லை. விளக்கு வாடகைக்குக் கொடுக்கும் அண்ணாச்சி ஒருவரைக் கூப்பிட்டேன். நாகர்கோவில் பக்கத்துக்காரர். ஸ்கூட்டரில் ஒரு விளக்கைக் கட்டி எடுத்து வந்தார். அதை மேடையின் வலது ஓரத்தில் ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டே சொன்னார்:

"சாரே, இது பழைய மாடல் பாத்துக்கிடுங்க. இதுல வெள்ளை தனியா கிடையாது. சேனல் மாறும், ஒண்ணு நோக்கிக்கிடணும்."

"அறியாம் அண்ணாச்சி, எனக்குத் தெரியும், நான் பாத்துக்கறேன்" என்றேன், போர்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல்.

அவர் சொன்னது இதுதான். இந்த விளக்குகளில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் உண்டு. அதைத்தான் சேனல் என்கிறோம். என் விளக்குகளில் முதல் சேனல் வெளிச்சத்தின் அளவு, பிறகு வரிசையாகச் சிவப்பு, பச்சை, நீலம், ஐந்தாவது வெள்ளை. வாடகை விளக்கில் வெள்ளை இல்லை என்றால் ஐந்தாவது சேனல் வேறு எதற்கோ இருக்கும். அது எதற்கு என்று பார்த்திருக்க வேண்டும். நான் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் போட்டுப் பார்த்தேன். சரியாக எரிந்தது. காப்பி குடிக்கப் போய்விட்டேன்.

மாலை ஆறரைக்குத் தொடங்கியது. ஒரு மணி நேரம் எல்லாம் நன்றாகவே போயிற்று. கடைசி உருப்படிக்கு மேடை முழுக்க வெள்ளை வெளிச்சம் வர வேண்டும். அக்கா மேடையின் நடுவுக்கு வந்ததும் எரிந்துகொண்டிருந்த நிறங்களோடு வெள்ளையையும் ஏற்றினேன்.

வலது ஓரத்து விளக்கு பட்பட்டென்று மின்ன ஆரம்பித்தது.

அதன் ஐந்தாவது சேனல்தான் ஃப்ளாஷ்.

எனக்குக் கை ஓடவில்லை. மொத்த வெளிச்சத்தையும் இறக்கினால் இருட்டில் அவர் தடுமாறி விழுவார். அந்த ஒரு விளக்கை மட்டும் அணைக்க எந்தப் பொத்தான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் விரல் வேறு எங்கெங்கோ போயிற்று. மேடையில் அக்கா, டாக்டர் சொல்லிக் கொடுத்திருந்தபடி, ஒரு உள்ளங்கையால் வலது கண்ணை முழுவதும் பொத்திக்கொண்டு, அந்த விளக்குக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். கால் மட்டும் தாளத்தை விடவில்லை. அது நாட்டியத்தில் ஒரு அபிநயம் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

அதற்குள் திரைக்குப் பின்னால் நின்ற அண்ணாச்சி ஓடிவந்து விளக்கின் பிளக்கைப் பிடுங்கி எறிந்தார்.

அக்கா கடைசிவரை ஆடி முடித்தார். கைதட்டல் ஓய்வதற்குள், நிகழ்ச்சியை நடத்திய சபாவின் செயலாளர் என்னிடம் வந்தார். "என்ன ஆயித்து அங்கே? ஏன் அப்படி மின்னித்து?"

"வாடகை லைட் சார், கம்ப்ளைன்ட்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. வாயிலிருந்து தானாக வந்தது. சொல்லும்போதே காரணம் எனக்குத் தெரிந்திருந்தது. செயலாளர் நேராக அண்ணாச்சியிடம் போய், இப்படியா கெட்டுப்போன சாமானைக் கொண்டுவந்து வைப்பது என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். அண்ணாச்சி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கேபிளைச் சுருட்ட ஆரம்பித்தார்.

அப்போது அக்கா வந்தார். சலங்கையைக்கூட அவிழ்க்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, "விளக்குக்கு என்ன ஆச்சு?" என்று பொதுவாகக் கேட்டார்.

"பழைய சாமானுல்லா மேடம், சில நேரம் இப்படி ஆயிப்போகும்" என்றார் அண்ணாச்சி. பழியை அவரே எடுத்துக்கொண்டார்.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. "அக்கா, விளக்கு சரியாத்தான் இருக்கு. அண்ணாச்சி மதியமே சொன்னார், நான்தான் பார்க்கல்லை. செயலாளர்கிட்ட பொய் சொன்னேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். செயலாளர் அண்ணாச்சியின் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை.

அக்கா தண்ணீர் பாட்டிலை மூடிக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "முதல் வரிசையிலே என் பொண்ணு இருந்தா. அவ முன்னாலே விழுந்துடுவேனோன்னு பயந்து போயிட்டேன். உங்களை நம்பித்தான் ஏறினேன்."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். "போட்டும் சாரே. அந்த முனையப் பிடிங்க, கேபிள் முறுக்குது" என்றார். இருவரும் சேர்ந்து எல்லாவற்றையும் கட்டி ஸ்கூட்டரில் ஏற்றினோம்.

இனி இந்தத் தெருவில் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஆறேழு மாதம் கழித்து அக்காவிடமிருந்தே போன் வந்தது. இன்னொரு நிகழ்ச்சி. அன்று ஒரு மணி நேரம் முன்பே வந்து, "எல்லா விளக்கிலும் எல்லா சேனலையும் ஒவ்வொண்ணாப் போட்டு நோக்குங்கோ. நான் வெளியே நிக்கறேன். முடிஞ்சதும் விளிங்கோ" என்றார். நாற்பது நிமிடம் ஆயிற்று. வாசலில் பொறுமையாகக் காத்திருந்தார்.

அன்று அந்த விளக்கு மின்னியது பத்து நொடிகூட இருக்காது; ஆனால் என் தவறை இன்னொருவர் தலையில் போட எனக்கு அந்தப் பத்து நொடிகூடத் தேவைப்படவில்லை என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.